நிபுணர்களின் ஜோசியமும் கூடைப்பந்தாட்டமும்

வருங்காலத்தை இப்பொழுதே அறிந்து சொல்லிவிடுவோம் என்கின்ற கூட்டத்தார் இல்லாத தேசம் உலகில் ஒன்றுகூட இல்லை. சில தேசங்களில் அவர்கள் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டம் போடுகிறார்கள். சில தேசங்களில் கிளியைக் கூண்டில் வைத்துக்கொண்டு சீட்டு எடுக்கச் சொல்லுகிறார்கள். அமெரிக்கா போன்ற பணக்கார தேசத்திலோ, அளவு நாடாவையும் கணக்குப் புஸ்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு அதே காரியத்தைச் செய்கிறார்கள். கருவிதான் மாறியிருக்கிறதே யொழிய, “இந்தப் பிள்ளை உருப்படுவான், அந்தப் பிள்ளை உருப்படமாட்டான்” என்று முன்கூட்டியே முத்திரை குத்துகிற புத்தி மாறியதாகத் தெரியவில்லை.

இப்படிச் சொல்லுவதற்கு ஆதாரமாக நாம் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கூடைப்பந்தாட்டமாகும். ஓர் ஆட்டத்தைப் பற்றி ஒரு தலையங்கமா என்று சில தோழர்கள் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். ஒரு ஜோசியன் சொன்ன பத்து வாக்கில் எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது என்று எந்த ஊரிலாவது யாராவது கணக்கு எழுதி வைத்திருக்கிறார்களா? கிடையாது. பலித்த ஒன்றை ஊரெல்லாம் சொல்லுவார்கள். பொய்த்த ஒன்பதை அவனும் மறந்துவிடுவான், கேட்டவர்களும் மறந்துவிடுவார்கள். அதனால்தான் அவன் பிழைப்பு நடக்கிறது. இந்த ஆட்டத்திலோ, யார் யாரை எந்த வருஷத்தில் எத்தனையாவது ஆளாக எடுத்தார்கள் என்பதும், எடுக்கப்பட்டவர் பிறகு என்ன ஆடினார் என்பதும் ஒன்றுவிடாமல் எழுத்தில் இருக்கின்றன. ஆகவே நிபுணர்களுடைய வாக்கைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது அருமை.

முறை இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறோம். என்.பி.ஏ. என்னும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 கோஷ்டிகள் இருக்கின்றன. காலேஜுகளிலிருந்தும் அயல் தேசங்களிலிருந்தும் புதிதாக வருகிற வாலிபர்களை இக்கோஷ்டிகள் வருஷத்திற்கொரு தடவை கூடி, ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தெடுத்துக் கொள்ளுகின்றன. இதற்கு டிராப்ட் என்று பெயர். சுற்றுக்கு 30 பேராக இரண்டு சுற்று. ஆகமொத்தம் சுமார் 60 பேர். முந்திய வருஷம் தோற்றுக் கிடந்த கோஷ்டிகளுக்கு முன்னால் எடுக்கும் வாய்ப்பு அதிகம். மெலிந்தவனுக்கு முதற் பந்தியில் இலை போடுவது போன்ற நல்ல ஏற்பாடுதான் இது. ஒவ்வொரு கோஷ்டியும் இதற்கென்று ஊர் ஊராய் அலைந்து ஆள் பார்த்து வருகிறவர்களையும், வைத்தியர்களையும், கணக்கர்களையும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. இவ்வளவு செலவும் இவ்வளவு படிப்பும் சேர்ந்து என்ன செய்திருக்கின்றன என்பதைப் பாருங்கள்.

1984-ம் வருஷம் ஹூஸ்டன் கோஷ்டி முதல் ஆளாக ஹக்கீம் ஒலாஜுவான் என்பவரை எடுத்தது. அது நல்ல தேர்வேயாகும். இரண்டாவதாக எடுக்கவேண்டிய போர்ட்லண்ட் கோஷ்டியார், 7 அடி 1 அங்குல உயரமுள்ள சாம் போவி என்பவரை எடுத்தார்கள். மூன்றாவதாகச் சிகாகோ கோஷ்டிக்குக் கிடைத்தவர்தான் மைக்கேல் ஜார்டன். போவி கால் எலும்பு முறிவினால் காலேஜில் இரண்டு வருஷம் ஆடாமலே இருந்தவர். போர்ட்லண்டிலும் அவரைக் காயம் விடவில்லை. ஐந்து வருஷங்களில் 139 ஆட்டங்களே ஆட முடிந்தது. ஜார்டனோ சிகாகோவுக்கு ஆறு தடவை சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். போர்ட்லண்டார் ஏன் இப்படிச் செய்தார்கள்? ஜார்டன் ஆடுகிற இடத்தில் ஆடுவதற்குக் கிளைட் டிரெக்ஸ்லர் என்பவரை அதற்கு முந்திய வருஷமே எடுத்து வைத்திருந்தார்கள். “நமக்கு வேண்டியது நெட்டையன்” என்று முடிவு செய்துவிட்டார்கள். அதாவது எதிரில் நிற்கும் மனிதனைப் பார்க்காமல், தங்களிடம் காலியாயிருந்த இடத்தின் அளவைப் பார்த்தார்கள்.

இது ஏதோ ஒரு வருஷத்துத் தவறு என்று தள்ளிவிட முடியாது. 1999-ல் அர்ஜென்டினா தேசத்து மானு ஜினோபிலி 58 பேரில் 57-வது ஆளாக எடுக்கப்பட்டார். சான் அன்டோனியோ கோஷ்டியில் நான்கு சாம்பியன் பட்டங்களில் பங்கு கொண்டார். 2011-ல் 60 பேரில் 60-வதாக எடுக்கப்பட்ட ஐசையா தாமஸ், 5 அடி 9 அங்குலமே உயரமுள்ளவர், 2016-17-ல் ஆட்டத்திற்குச் சராசரி 28.9 புள்ளி எடுத்தார். பென் வாலஸ் என்பவரை 1996-ல் எந்தக் கோஷ்டியும் எடுக்கவேயில்லை. அவர் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதை நான்கு தடவை பெற்று, 2004-ல் டெட்ராய்ட் கோஷ்டியோடு சாம்பியனும் ஆனார். 2013-ல் கிளீவ்லண்ட் கோஷ்டி முதலாவதாக எடுத்த அந்தோனி பென்னட் சில வருஷங்களிலேயே அச்சங்கத்தை விட்டுப் போய்விட்டார். அதே வருஷம் 15-வதாக எடுக்கப்பட்ட யானிஸ் அன்டெட்டோகும்போ, ஏதென்ஸ் நகரத் தெருக்களில் கைக்கடிகாரமும் கருப்புக் கண்ணாடியும் விற்றுத் திரிந்த ஏழைப் பிள்ளை, 2021-ல் மில்வாக்கி கோஷ்டியைச் சாம்பியனாக்கினார். பட்டத்தை முடிவுகட்டிய ஆட்டத்தில் அவர் ஒருவரே எடுத்த புள்ளிகள் 50.

எல்லாவற்றையும் விட வேடிக்கையானது 2014-ம் வருஷத்துக் கதை. செர்பியா தேசத்து நிக்கோலா யோக்கிச் என்பவரை டென்வர் கோஷ்டி 41-வது ஆளாக எடுத்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தின்பண்டக் கடையின் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பெயர் அதற்கு அடியில் ஒரு வரியாய் வந்து போயிற்று. அந்த மனிதர்தான் 2021, 2022, 2024 ஆகிய மூன்று வருஷங்களில் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்று, 2023-ல் டென்வருக்குச் சாம்பியன் பட்டமும் வாங்கிக் கொடுத்தவர். டென்வர்காரர்களாவது ஞானக்கண்ணால் கண்டு எடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவரை எடுப்பதற்கு முன்னால் அதே இரவில் வேறு இரண்டு வாலிபர்களைக் கைப்பற்றிக்கொண்ட பிறகே அவர் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் கண்டுபிடித்தவர்களல்ல, கைவிடாதவர்கள், அவ்வளவுதான்.

நிற்க. இவ்வளவு பெரிய நிபுணர்கள் இவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களை ஏன் தாண்டிப் போகிறார்கள் என்பதே இனி ஆராயவேண்டிய விஷயம்.

முதலாவது காரணம், ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டு உடம்பை அளப்பதாகும். டிராப்டுக்கு முன்னால் ஒரு முகாம் வைத்து, அங்கே வாலிபர்களைச் செருப்பைக் கழற்றி நிற்கவைத்து உயரம் அளக்கிறார்கள்; இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி விரல் நுனி முதல் விரல் நுனி வரை அளக்கிறார்கள்; எவ்வளவு உயரம் எம்புகிறான் என்று பார்க்கிறார்கள். கை முழந்தாள் வரை நீண்டிருந்தால் அது ராஜலட்சணம் என்று சொல்லுகிற நம் சாமுத்திரிகா சாஸ்திரிகள் அங்கே போயிருந்தால் நல்ல சம்பளம் கிடைத்திருக்கும்! நீண்ட கை பந்தைத் தடுக்க உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. உதவுகின்ற ஒன்றையே எல்லாம் என்று எண்ணிக்கொள்ளுவதைத்தான் மறுக்கிறோம். 2007-ல் அந்த முகாமில் கெவின் டுராண்ட் என்னும் வாலிபரால் 185 ராத்தல் எடையை மல்லாந்து படுத்து ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. சியாட்டில் கோஷ்டியார் அதைப் பொருட்படுத்தாமல் இரண்டாவதாக அவரை எடுத்தார்கள். அவர் 2014-ல் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். அவருக்கு முன்னால் முதலாவதாக, மறுபடியும் ஒரு 7 அடி ஆளை எடுத்தவர்கள் அதே போர்ட்லண்டார்தான். கிரெக் ஓடன் என்னும் அந்த வாலிபர் முழங்கால் நோயினால் தம் ஆயுளில் இச்சங்கத்தில் ஆடியது மொத்தம் 105 ஆட்டங்களே. பந்தைக் கூடையில் போடுவதற்கு 185 ராத்தல் எதற்கு என்று அந்த முகாமில் யாராவது கேட்டார்களா என்று கேட்கிறோம். மாட்டுச் சந்தையில் ஏர் பூட்டிப் பார்க்காமல் சுழியைத் தடவிப் பார்த்து விலை பேசுகிறவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஸ்டீபன் கரி என்பவர் விஷயம் இதைவிடத் தெளிவானது. 2008-09-ல் அமெரிக்கக் காலேஜ் ஆட்டக்காரர்கள் எல்லோரிலும் சராசரியில் அதிகப் புள்ளி எடுத்தவர் அவரே. இது ஒருவரும் கனவு கண்டு சொல்லவேண்டிய விஷயமல்ல; ஏட்டில் எழுதியிருந்தது. ஆனால் அவர் ஒல்லி. படித்தது டேவிட்சன் என்னும் சிறு காலேஜ். 2009-ல் அவருக்கு முன் ஆறு பேர் எடுக்கப்பட்டார்கள். மின்னசோட்டா கோஷ்டி ஐந்தாவது இடத்தையும் ஆறாவது இடத்தையும் தன் கையில் வைத்துக்கொண்டு, கரி ஆடுகின்ற அதே இடத்தில் ஆடுகிற இரண்டு பேரை அடுத்தடுத்து எடுத்துவிட்டு அவரை விட்டுவிட்டது. அவர்களில் ஒருவர் மூன்று வருஷத்தோடு அச்சங்கத்தில் தம் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். ஏழாவதாக எடுக்கப்பட்ட கரி நான்கு பட்டம் கண்டார். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். கூடைக்கு வெகு தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி. 2009-10-ல் ஒரு கோஷ்டி ஓர் ஆட்டத்தில் இப்படிச் சுமார் 18 தடவைதான் போட்டுப் பார்க்கும். இன்று 35 தடவைக்கும் மேல். அந்த மாறுதலுக்கு முக்கிய காரணஸ்தர்களில் ஒருவர் கரியே. நேற்றைய ஆட்டத்தின் அளவுகோலைக் கொண்டு நாளைய ஆட்டத்தை உண்டாக்கப் போகிறவனை அளந்தால் அவன் குறையாகத்தானே தெரிவான்?

இரண்டாவது காரணம் மிகவும் இழிவானது. பிறப்பையும் முகத்தையும் பார்த்துத் தரம் பிரிப்பதுதான் அது. இச்சங்கம் 1946-ல் வேறு பெயரோடு ஏற்பட்டு, 1947-ல் முதல் டிராப்டை நடத்திற்று. 1947, 1948, 1949 ஆகிய மூன்று வருஷங்களிலும் கருப்பு நிறத்தவர் ஒருவரைக்கூட எந்தக் கோஷ்டியும் எடுக்கவில்லை. 1950-ல்தான் பாஸ்டன் கோஷ்டி சக் கூப்பர் என்பவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. அதற்குமுன் ஆடத் தெரிந்த கருப்பர்கள் இல்லையோ என்றால், கருப்பர்களே ஆடிய ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் கோஷ்டி, அக்காலத்தில் மகா பலசாலிகளென்று பேர்பெற்ற மினியாபோலிஸ் கோஷ்டியை 1948-லும் 1949-லும் எல்லோர் கண் முன்னாலும் தோற்கடித்திருக்கிறது. கண்ணுக்கெதிரே தோற்ற பிறகும் கண் திறக்கவில்லை என்றால் அதற்குப் பெயர் அறியாமையல்ல; அகம்பாவம். இன்று அச்சங்கத்து ஆட்டக்காரர்களில் பெரும்பான்மையோர் கருப்பு நிறத்தவரே என்பதைப் பார்க்கின்றபோது, அந்த மூன்று வருஷ மௌனத்தின் யோக்கியதை நன்றாய் விளங்கும்.

அந்தப் புத்தி 1950-உடன் செத்துப்போய்விட்டதா என்றால் அதுவும் இல்லை. ஜெரிமி லின் என்பவர் தைவானிலிருந்து வந்த பெற்றோருக்குக் கலிபோர்னியாவில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்து ஆடிய அவரை 2010-ல் ஒருவரும் எடுக்கவில்லை. பிறகு சேர்த்துக்கொண்ட கோஷ்டிகளில் இரண்டு, 2011 டிசம்பர் மாதத்திலேயே அவரை ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற்றிவிட்டன. 2012 பிப்ரவரியில் நியூயார்க் கோஷ்டியில் வேறு ஆள் இல்லாத குறையால் இறக்கிவிடப்பட்ட அவர், லாஸ் ஏஞ்சல்ஸ் கோஷ்டிக்கு எதிராக 38 புள்ளி எடுத்தார். நியூயார்க் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்தது. அவரை வெளியேற்றிய கோஷ்டிகளில் ஒன்றாகிய ஹூஸ்டனின் நிர்வாகி டாரில் மோரி என்பவர் பின்னாளில் இதை ஒப்புக்கொண்டார். லின்னுடைய வேகம் அளவுகளில் தெரிந்தும், எல்லோரும் அவரை வேகமற்றவர் என்றே நினைத்ததற்கு அவர் ஆசியாக்காரர் என்பதைத் தவிர வேறு காரணம் தமக்குத் தோன்றவில்லை என்று சொன்னார். தவறை ஒப்புக்கொண்ட அம்மனிதரை நாம் பாராட்டுகிறோம்.

மூன்றாவது காரணம் பழிக்குப் பயப்படுவது. எல்லோரும் “இவனே சிறந்தவன்” என்று சொல்லுகிற ஒருவனை எடுத்து அவன் வீணாய்ப் போனால், நிர்வாகியை ஒருவரும் குற்றம் சொல்லமாட்டார்கள். “யார்தான் கண்டார்கள்” என்று சொல்லிவிடுவார்கள். ஒருவரும் சொல்லாத ஒருவனை எடுத்து அவன் வீணாய்ப் போனாலோ, நிர்வாகியின் உத்தியோகத்திற்கே ஆபத்து. ஆகவே ஊரோடு சேர்ந்து தவறுவது, தனியாய் நின்று சரியாய்ச் சொல்லுவதைவிடப் பத்திரமாக இருக்கிறது. இது கூடைப்பந்துக்கு மாத்திரம் உள்ள வியாதி என்று சொல்ல நமக்குத் தைரியமில்லை.

இங்கு நியாயமான ஓர் ஆட்சேபணை கிளம்பக்கூடும். “நடந்து முடிந்த பிறகு குற்றம் சொல்லுவது யாருக்கும் சுலபம்தானே? 18, 19 வயதுப் பிள்ளை 26 வயதில் என்ன ஆவான் என்று யாரால் சொல்ல முடியும்? நிபுணர்கள் சரியாகச் சொன்னதும் உண்டல்லவா?” என்று கேட்கலாம். உண்டு. 1992-ல் ஷாகில் ஓநீல், 1997-ல் டிம் டங்கன், 2003-ல் லெப்ரான் ஜேம்ஸ் ஆகியவர்களை முதலாவதாக எடுத்ததில் ஒரு பிழையுமில்லை. மொத்தத்தில் பார்த்தால் முன்னால் எடுக்கப்பட்டவர்கள் பின்னால் எடுக்கப்பட்டவர்களைவிடச் சராசரியாக நன்றாகவே ஆடியிருக்கிறார்கள். யானிஸ் எடுக்கப்பட்ட பிறகும் வளர்ந்து இரண்டு அங்குலம் கூடினார். அதை எவனும் முன்கூட்டி அளந்திருக்க முடியாது. முழங்கால் எப்போது முறியும் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. இவற்றையெல்லாம் நாம் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ளுகிறோம். தெரியாமலிருப்பது குற்றமென்று நாம் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு, பிறகு அந்த நினைப்பைக் காப்பாற்றுவதற்காக மனிதர்களைப் பலியிடுவதுதான் குற்றம்.

பலியிடுவது என்று ஏன் சொல்லுகிறோம் என்றால், நாலாவதும் மிக முக்கியமானதுமான விஷயம் இதுதான். பாரி ஸ்டா, ஹா ஹுவாங் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1980 முதல் 1986 வரை டிராப்டில் எடுக்கப்பட்டவர்களின் கணக்குகளை ஆராய்ந்து 1995-ல் வெளியிட்டார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி ஆடினாலும், முன்னால் எடுக்கப்பட்டவனுக்கே களத்தில் அதிக நேரம் கொடுக்கப்படுகிறது என்றும், அவனையே நீண்ட நாள் வைத்துக்கொள்ளுகிறார்கள் என்றும், பின்னால் எடுக்கப்பட்டவனைச் சீக்கிரம் கைமாற்றி விடுகிறார்கள் என்றும் அவர்கள் கண்டார்கள். இதன் பொருள் என்ன? “இவன் பெரியவன்” என்று சொன்னவர்களே அவனுக்கு வாய்ப்பைக் கொடுத்துத் தங்கள் வாக்கைப் பலிக்க வைக்கிறார்கள். “இவன் சிறியவன்” என்று சொன்னவர்களே அவனைப் பெஞ்சியில் உட்காரவைத்து அந்த வாக்கையும் பலிக்க வைக்கிறார்கள். மூத்தவனுக்குப் பாலும் சோறும், இளையவனுக்குப் பழையதும் ஊற்றி வளர்த்துவிட்டு, “பார்த்தீர்களா, மூத்தவன் ஜாதகம் எப்படிப் பேசுகிறது!” என்று சொல்லுவதற்கும் இதற்கும் வித்தியாசமுண்டா? யோக்கிச்சையும் வாலஸையும் நமக்குத் தெரியும். அவர்கள் எப்படியோ தப்பி வந்துவிட்டார்கள். பெஞ்சியிலேயே உட்கார்ந்து வயதாகிப் போனவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்குப் புஸ்தகமும் சொல்லாது. உண்மையான நஷ்டம் அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் பரிகாரம் என்ன? பிரார்த்தனையல்ல, இன்னொரு நிபுணனுமல்ல. மேலே சொன்ன மோரி என்பவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுகிறோம். 2007-ல் ஸ்பெயின் தேசத்து மார்க் கசோல் என்பவரைப் பற்றி ஹூஸ்டன் கணக்குகள் நல்லபடியாகச் சொல்லின. ஆனால் ஆள் பார்க்கிறவர்கள் சட்டையில்லாமல் அவர் நின்ற ஒரு படத்தைப் பார்த்து, அவர் மார்பின் கொழுப்பைக் கேலி செய்து ஒரு பட்டப் பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கணக்கு எடுபடவில்லை. கசோல் 48-வதாக வேறு கோஷ்டிக்குப் போய், 2013-ல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அதற்குப் பிறகு தம்மிடத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பட்டப் பெயர் வைக்கக்கூடாது என்று மோரி தடுத்துவிட்டார். அம்மட்டோ? ஒரு வாலிபனை அவன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு ஆட்டக்காரனோடு ஒப்பிட்டுப் பேசக்கூடாது, ஒப்பிடுவதானால் வேறு இனத்தானோடு ஒப்பிடு என்றும் உத்தரவிட்டார். வெள்ளையனை வெள்ளையனோடும் கருப்பனைக் கருப்பனோடும் ஒப்பிட்டே பழகிய நாக்குகள், அந்த உத்தரவு வந்ததும் ஒப்பிடுவதையே பெரும்பாலும் நிறுத்திவிட்டன. அதுவரை அவர்கள் பேசியது ஆட்டத்தைப் பற்றியல்ல, தோலைப் பற்றித்தான் என்பது இதிலிருந்து வெட்டவெளிச்சமாகவில்லையா?

ஆகவே தோழர்களே! இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளவேண்டியது இரண்டே விஷயம்தான். ஒன்று, ஒருவன் யாரைப்போல் இருக்கிறான் என்று பார்க்காதீர்கள். என்ன செய்கிறான் என்று பாருங்கள். இரண்டு, எவ்வளவு பெரிய நிபுணன் சொன்னாலும், அவன் இதற்கு முன் சொன்னவற்றின் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கணக்கில்லாத வாக்கு கிளி எடுத்த சீட்டுக்குச் சமானம். கோடி கோடியாய்ப் பணம் கொட்டி, பாரபட்சமில்லாமல் ஜெயிக்கவேண்டும் என்ற ஒரே ஆசையோடு தேடுகிறவர்களே 40 பேரைத் தாண்டிவிட்டு 41-வதாக யோக்கிச்சை எடுத்தார்கள் என்றால், ஒரு பார்வையில் ஒரு பிள்ளையை “இவ்வளவுதான்” என்று தள்ளுகிறவர்களுடைய வார்த்தைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

உங்கள் வீட்டில் யாராவது ஒரு பிள்ளைக்கு அந்த முத்திரை குத்தப்பட்டிருந்தால், முத்திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளையின் கையில் பந்தைக் கொடுத்துப் பாருங்கள்.